கூட யாரு வந்திருக்கா?

நான் முதன்முதலாக அந்தக் கட்டிலில் படுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மாதா கோவில் கொடியேற்றம் முடிந்த அடுத்த வாரம். பயிற்சிக் கல்லூரியின் ஆசிரியை அது வியாழன் என்கிறார். வியாழனாக இருக்க வழியில்லை. அன்று காலை எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வந்தது. அந்த மாதம் முழுக்க எங்களுக்குச் செவ்வாயும் சனியும்தான் முறை.

தெரு முடிகிற இடத்தில், முன்பு உப்பு மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிட்டங்கியில் அந்தத் தொழிற்பயிற்சிக் கல்லூரி நடக்கிறது. முன்பக்கம் வெல்டிங் வகுப்பும் எலக்ட்ரீசியன் வகுப்பும். பின்பக்கம், தகரத் தடுப்புக்கு அப்பால், நோயாளி பராமரிப்பு உதவியாளர்களுக்கான ஆறு மாதப் படிப்பு. நான்கு இரும்புக் கட்டில்கள், ஒரு சக்கர நாற்காலி, ஒரு ரப்பர் பொம்மை. பொம்மையை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும். அதற்கு நாடி கிடையாது. வலிக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லாது.

இலவசமாக ரத்த அழுத்தம் பார்க்கப்படும் என்று வாசலில் எழுதிப் போட்டிருந்ததைப் பார்த்துத்தான் உள்ளே போனேன். ஒரு பெண் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை அடித்தாள், இறக்கினாள், சந்தேகப்பட்டு மறுபடி அடித்தாள், மறுபடி இறக்கினாள். நான் ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தேன். ஆசிரியை அதைக் கவனித்திருக்கிறார். நாசரேத் பக்கத்துக்காரர், வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், குரலை உயர்த்தாமலே கண்டிக்கத் தெரிந்தவர்.

"சார் நல்லா அசையாம படுக்கிய. வாரத்துல ரெண்டு நாள் வந்து படுக்க முடியுமா? இதுகளுக்குப் பழக ஒரு ஆள் வேணும்."

"படுக்கதுக்கு என்ன தகுதி வேணும்?" என்றேன்.

"கூச்சம் இருக்கக் கூடாது. வாய் பேசணும். பொம்மைகிட்ட மொதல் தகுதி இருக்கு, ரெண்டாவதுதான் இல்ல."

சரி என்று சொல்லிவிட்டேன். அந்தச் சமயத்தில் எனக்கு நிஜமாகவே ஒரு கட்டில் காத்திருந்தது. அதில் படுக்காமல் தப்பித்து வந்தவன் நான். இது அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் தை மாதத்தில் டாக்டர் என் இடது அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்து, குடலிறக்கம் என்றார். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போட்டுக் குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்றார். மாசியில் ஒரு புதன்கிழமை, மாற்று வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பெயர், வயது, முகவரி எல்லாம் கேட்டுக் கணினியில் அடித்தாள். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்:

"கூட யாரு வந்திருக்கா?"

"வெளிய நிக்காங்க" என்றேன்.

"கூட்டிட்டு வாங்க. கையெழுத்துப் போடணும்."

கூட்டிவரப் போகிறவனைப் போலவே வாசலுக்கு வந்தேன். வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கே நின்றவர்கள் எல்லோரும் யாருக்காவது கூட வந்தவர்கள். ஒருவர் கையில் எக்ஸ்ரே உறை, ஒருவர் கையில் இளநீர். நான் என் பையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு பங்குனியில் ஒரு முறையும் ஆனியில் ஒரு முறையும் நாள் வாங்கினேன். இரண்டு முறையும் போகவில்லை.

என் மனைவி இறந்தது அதற்கு மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழியில். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அந்தக் கேள்விக்கு நான்தான் பதிலாக இருந்தேன். "கூட யாரு?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தால் வராந்தாவிலிருந்து எழுந்து ஓடுகிறவன் நான். அந்தக் கேள்வி ஒரு நாள் என்னிடமே கேட்கப்படும் என்று அப்போது தோன்றவில்லை.

மருத்துவமனையைக் குறை சொல்ல மாட்டேன். ஓய்வு பெறும்வரை துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்த்தவன் நான். பெற்றுக்கொள்பவர் பெயர் இல்லாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. யாரும் எடுக்க வராத கண்டெய்னர்கள் யார்டின் ஓரத்தில் உப்புக் காற்றில் நிற்கும். உள்ளே இருப்பது கெட்டுப்போன சரக்கல்ல. நல்ல சரக்காகவே இருக்கும். ஆனாலும் அதைத் திறக்க ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். மயக்க மருந்து கொடுக்கப்போகிற மனிதனுக்கு இன்னும் அதிகமாகக் கேட்பதுதானே நியாயம்?

ஆகவே செவ்வாயும் வெள்ளியும் கல்லூரியில் நோயாளியாக இருந்தேன். படுத்திருக்கிறவரை எழுப்பாமலே அடியில் விரிப்பை மாற்ற வேண்டும். என்னை ஒரு பக்கம் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டுவார்கள், புதியதை அதையொட்டி விரிப்பார்கள், பிறகு அந்தச் சுருளின் மேல் என்னை மறுபக்கம் புரட்டுவார்கள். கடைசியில் மூலை மடிப்பு. விரிப்பின் ஓரத்தை உறை மடிப்பதைப் போலச் சாய்வாக மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். நோயாளி புரண்டாலும் அது கழலக் கூடாது. ஆசிரியை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பார். கழன்றால் மறுபடி முதலிலிருந்து. துறைமுகத்து நிலக்கரித் தூசி ஜன்னல் வழியாக வந்து வெள்ளை விரிப்பில் படிந்துகொண்டே இருக்கும். அதற்கும் அந்தப் பெண்கள்தான் திட்டு வாங்குவார்கள்.

இன்னொரு விதி, தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும். "இப்போது உங்கள் வலது கையைத் தொடப் போகிறேன், ஐயா." இருபது வயது தாண்டாத பெண்கள் இதைப் பாடம் ஒப்பிப்பதைப் போலச் சொல்லிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் முழங்கைவரை துடைப்பார்கள். முதல் நாள் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் ஒன்று உறைத்தது. மனைவி இறந்த மார்கழிக்குப் பிறகு, வயிற்றைப் பார்த்த டாக்டரை விட்டால், என்னைத் தொட்ட மனிதர் முடிவெட்டுகிறவர் ஒருவர்தான். அவர் சொல்லிவிட்டுத் தொடுவதில்லை.

அந்த வகுப்பில் ஒருத்தி மட்டும் மற்றவர்களைவிடப் பெரியவள். வேம்பாரிலிருந்து கடற்கரைச் சாலை பஸ்ஸில் வருவாள். உப்பளத்தில் வேலை பார்த்தவள். கணவன் லாரி ஓட்டுகிறவன். பள்ளிக்கூடம் போகும் பெண் குழந்தை ஒன்று இருந்தது. வகுப்பில் எல்லோரும் அவளை அக்கா என்றார்கள். மூலை மடிப்பு அவளுக்கு முதல் நாளே வந்துவிட்டது. வராதது 'ஐயா'தான்.

"அண்ணாச்சி, கையக் குடுங்க."

"அண்ணாச்சி என்ன அண்ணாச்சி? அவரு என்ன பலசரக்குக் கடையா வச்சிருக்காரு?" என்பார் ஆசிரியை. "ஐயான்னு சொல்லு. கையைத் தொடப் போறேன்னு சொல்லு."

"தொட்டா அவருக்கே தெரியப்போவுது, சிஸ்டர்."

"கண்ணு தெரியாதவரா இருந்தா? மயக்கத்துல இருந்தா?"

"அப்ப சொல்லிருதேன்" என்று அவள் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குவாள்.

நோயாளியோடு பேச்சுக் கொடுக்கப் பழக வேண்டும் என்பதால், ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கேட்பார்கள். எனக்குத் தெரிந்தது பழைய சங்கதிகள்தான். ஒரு வெள்ளிக்கிழமை முத்துக்குளிப்பைப் பற்றிச் சொன்னேன். கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை மேலே தோணியில் பிடித்துக்கொள்ள அவன் மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நான் படித்தவரையில் பழைய பதிவுகளில் கயிறு பிடிக்கிறவன் உண்டு, மச்சான் என்று கண்டதில்லை என்றேன். வேம்பார்க்காரி என் கால் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"மச்சானா இருந்தா என்ன, கூலிக்கு வந்தவனா இருந்தா என்ன அண்ணாச்சி? அசைச்சா இழுக்கானா, அதான பேச்சு" என்றாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது புதிய பாடம் ஆரம்பித்தது. நோயாளியை வார்டில் சேர்ப்பது. இதற்கு நோயாளிக்குக் கூட ஒரு ஆள் வேண்டும். எப்போது நோயாளியைத் தொடலாம், எப்போது தண்ணீர் கொடுக்கக் கூடாது, எந்த மாத்திரை எப்போது என்பதையெல்லாம் அந்த ஆளுக்குத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நாளும் ஒரு பெண் என் மகளாக நிற்பாள். "உங்களுடன் யார் வந்திருக்கிறார்கள், ஐயா?" என்று ஒருத்தி கேட்க, "மக வந்திருக்கா" என்று நான் சொல்ல, "நான்தான் மக" என்று ஒருத்தி பிளாஸ்க்கோடு முன்னால் வருவாள்.

ஒருத்தி நிஜமாகவே நன்றாக நடித்தாள். "அப்பா நேத்தும் சரியாச் சாப்பிடல சிஸ்டர், சொன்னாக் கேக்க மாட்டேங்காவ" என்று என்னை முறைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து, வாசல் விளக்கைப் போட்டு, மத்தியானம் வைத்த ரசத்தைச் சுட வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சொன்னால் கேட்க மாட்டேன் என்கிறான் என்று என்னைப் பற்றிக் குற்றம் சொல்ல இந்த வீட்டில் யாரும் இல்லை. அடுத்த செவ்வாய் போக வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் செவ்வாய் வருவதற்குள் தனியாகக் கழிக்க ஒரு திங்கள் இருக்கிறதே. திங்களைக் கடந்தவுடன் என் கால்கள் தானாகத் தெருக்கோடிக்குப் போயின.

தேர்வு தை மாதக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை. டாக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீக்கம் பெரிதாகிவிட்டது, இருமினால் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்துக் கட்டிலில் பொம்மை. பொம்மைக்கும் கூட ஆளாக ஒரு பெண் நிறுத்தப்பட்டிருந்தாள். ஒவ்வொருத்தியாக வந்து, "உங்களுடன் யார் வந்திருக்கிறார்கள், ஐயா?" என்று கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் "மக வந்திருக்கா" என்றேன். சொல்லச் சொல்ல அந்தச் சொல் வாயில் உப்பில்லாத சோறு மாதிரி ஆகிக்கொண்டிருந்தது.

வேம்பார்க்காரியின் முறை வந்தது. பஸ் பிடிக்க ஓடிவந்த வேர்வை இன்னும் அவள் கழுத்தில் காயவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"கூட யாரு வந்திருக்கா, அண்ணாச்சி?"

புத்தக வாக்கியத்துக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இது மருத்துவமனைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்த அதே வார்த்தை.

"யாரும் வரல" என்றேன்.

பிளாஸ்க்கோடு கிளம்பிவிட்ட மகள் பாதியில் நின்றாள். "நான்தான்..." என்று தொடங்கி ஆசிரியையைப் பார்த்தாள். ஆசிரியை என்னைப் பார்த்தார்.

"வரலயா, இல்ல இனிமேதான் வரணுமா?" என்றாள் வேம்பார்க்காரி.

"வாரதுக்கு ஆள் இல்லம்மா."

அவள் என் மணிக்கட்டை விடவில்லை. சற்று யோசித்துவிட்டுப் பொம்மையின் கட்டில் பக்கம் திரும்பினாள்.

"ஏளா, நீ இவருக்கு யாரு?"

அந்தப் பெண் திடுக்கிட்டாள். "பொம்மைக்கா?" என்று வாயைத் திறந்துவிட்டு, "மருமவ" என்றாள்.

"உங்க மாமாவுக்கு வெந்நி எடுக்கப் போவும்போது இந்த அண்ணாச்சி பிளாஸ்கையும் எடுத்துட்டுப் போ. டாக்டர் வந்தா என்ன சொல்லுதாவன்னு இவருக்கும் சேத்துக் கேட்டு வையி. மாத்திர எப்ப எப்பன்னு ஒங்கிட்டதான் சொல்லுவேன். என்ன?"

"சரிக்கா."

"அண்ணாச்சி, பக்கத்துக் கட்டில்காரியப் பாத்துக்கிட்டியளா? ஒண்ணுன்னா இவளக் கூப்பிடுங்க. கூச்சப்படக் கூடாது. அவளுக்கும் மாமாவ விட்டுட்டுச் சாப்பிடப் போவணும்லா, அப்ப நீங்க அவரப் பாத்துக்கிடணும்." பிறகு விதி நினைவுக்கு வந்து, அரை நிமிடமாகப் பிடித்துக்கொண்டிருந்த கையைப் பார்த்துச் சொன்னாள்: "இப்போது உங்கள் வலது கையைத் தொடப் போகிறேன், ஐயா."

வெல்டிங் தடுப்பு வரைக்கும் சிரிப்புக் கேட்டது. தேர்வாளர் மட்டும் சிரிக்கவில்லை.

"இது எந்த ஸ்டெப்ம்மா?"

"ஸ்டெப்பு இல்ல, சார். வார்டுல இப்படித்தான்."

அவர் எதையோ குறித்துக்கொண்டு, மேலே செய் என்றார்.

முடிந்த பிறகு எதிர்த்த டீக்கடையில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பரிட்சயக் கவுத்துட்டியளே, அண்ணாச்சி."

"வாய் தவறிட்டும்மா."

"வாய்லாம் தவறல. ஒருக்களிக்கும்போதெல்லாம் அடிவயித்தப் புடிச்சுக்கிடுதிய, நானும் மழைக்காலத்துலேந்து பாத்துட்டுத்தான் இருக்கேன். ஹெர்னியாதான?"

நான் சொன்னேன். தை, மாசி, பங்குனி, ஆனி, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். வேப்பமரத்தையும் சொன்னேன். அவள் டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"நெசமாவே ஒரு ஆளும் இல்லியா?"

"அக்கா மகன் சென்னைல இருக்கான்."

"கூப்பிட்டா வர மாட்டாரா?"

"வருவான்."

"அப்புறம் என்ன?"

"வந்துட்டு அன்னைக்கே போயிருவான்."

அவள் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆபரேசனுக்கு வாரவன் ஆபரேசன் முடிஞ்சா போவத்தான செய்வான்? பெறவு என்ன, ஒங்க கூடவே குடியிருக்கணுமா? கையெழுத்துப் போட ஒரு ஆளு வேணும். அது அவரு. மத்ததுக்குப் பக்கத்துக் கட்டில் இருக்கு."

பிறகு சொன்னாள். அவள் பிரசவத்துக்குப் போனபோது கணவன் லாரியோடு குஜராத்தில் இருந்தான். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு அவள் அம்மாவும் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய நிலை. பக்கத்துக் கட்டிலில் மகளுக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெண்தான் குழந்தையை முதலில் கையில் வாங்கினாள். விளாத்திகுளம் பக்கம் என்று மட்டும் தெரியும். "பேரு கேக்க விட்டுப்போச்சு" என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது.

எனக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. என் மனைவியின் அடுத்த கட்டிலில் இருந்த ஒரு அம்மாளுக்கு நான் வெந்நீர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எத்தனை நாள் என்று தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் நாள் குறித்து வைக்கிற நான் அதை எங்கும் குறிக்கவில்லை. குறிக்கத்தக்க விஷயமாக அது தோன்றவில்லை.

அன்று மாலையே அக்கா மகனுக்குப் போன் செய்தேன். "இத ஏன் மாமா ஒரு வருசம் கழிச்சுச் சொல்லுதிய?" என்று சத்தம் போட்டான். மாசி இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் வந்து இறங்கினான். கண்ணாடிக்குப் பின்னால் வேறொரு பெண் இருந்தாள். கேள்வி அதேதான். "நான் வந்திருக்கேன்" என்று அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். மறுநாள் ஆபரேஷன். கண் விழித்தபோது அவன் இருந்தான். வேலையில் விடுப்பு இல்லை என்று அன்று சாயங்கால ரயிலில் போய்விட்டான். எதிர்பார்த்ததுதான். ஆனால் அவன் செருப்புச் சத்தம் வராந்தா முடிகிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

வேம்பார்க்காரி அப்போது கோவில்பட்டியில் ஒரு மருத்துவமனையில் வேலையில் சேர்ந்திருந்தாள். தேர்வில் தேறிவிட்டாள் என்று ஆசிரியை சொன்னார். மதிப்பெண்ணைக் கேட்கவில்லை.

என் அடுத்த கட்டிலில் கால் எலும்பு முறிந்த ஒரு துறைமுகத் தொழிலாளி. அவர் மனைவி இரண்டு கட்டில்களுக்கும் நடுவிலிருந்த இடைவெளியில் பாய் விரித்து, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புருஷனுக்கு இட்லி பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளிடம் என்னவென்று கேட்பது? பரீட்சையில் இன்னொருத்தி எனக்காகக் கேட்டாள். இங்கே நான்தான் கேட்க வேண்டும். விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். தொண்டை வறண்டிருந்தது. மூன்று முறை "அம்மா" என்று கூப்பிட நினைத்து விட்டுவிட்டேன்.

நர்ஸ் மாத்திரைத் தட்டோடு வந்து என் கட்டிலில் நின்றார்.

"இவருக்குக் கூட யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், பாயிலிருந்தவள் இட்லியைப் பிய்த்த கையை நிறுத்தாமல், திரும்பியும் பார்க்காமல் சொன்னாள்:

"நாந்தான். அங்கன வைங்க, இவருக்கு இட்லியக் குடுத்துட்டுத் தாரேன்."

கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் கழுவிவிட்டு வந்து மாத்திரையைக் கொடுத்தாள், தலையணையைத் தூக்கி வைத்தாள், என் பிளாஸ்கை ஆட்டிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் வியாழன் காலை, அவள் டீ குடிக்கப் போனபோது, "அண்ணாச்சி, இவரு கட்டிலவிட்டு எறங்கப் பாப்பாரு, எறங்க விடாதிய" என்று மட்டும் சொன்னாள். நான் அவரை இறங்க விடவில்லை. அவருடைய வசவை எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

மத்தியானமே அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் பாயைச் சுருட்டி, வாளியை எடுத்து, என் தலைமாட்டில் பாதி ரொட்டிப் பாக்கெட்டை வைத்துவிட்டு, "வாரோம், அண்ணாச்சி" என்றாள். சக்கர நாற்காலி திரும்பிப் போன பிறகுதான், பெயர் கேட்கவில்லை என்று உறைத்தது.

சாயங்காலம் ஒரு பெண் வந்து காலியான அந்தக் கட்டிலில் புது விரிப்புப் போட்டுவிட்டுப் போனாள். கால்மாட்டில் ஒரு பக்கத்து மூலை மடிப்பு சரியாக இல்லை. அதை எப்படி மடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தையலைக் கையால் அழுத்திக்கொண்டு மெல்ல எழுந்து உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. அடுத்து வருகிறவர் புரண்டால் அது கழன்றுவிடும். அவர் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.